செயலாளர் பாக்கி

நான் ஓய்வு பெறுகிறேன் என்ற செய்தி எனக்கே பேனரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மைதானத்தின் வாசலில், டிக்கெட் கவுண்டருக்கு மேலே, ஆளுயரத்துக்கு என் முகம். ரொம்பப் பழைய படம். அதில் என் கன்னத்தில் சதை இருந்தது. கீழே கொட்டை எழுத்தில் "நன்றி! சென்று வா, வீராங்கனையே!" என்று போட்டிருந்தார்கள். எங்கே போக வேண்டும் என்று மட்டும் போடவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி அதன் அடியில் நின்றேன். கூட வந்த என் வீட்டுக்காரர் பேனரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றார்.

"எங்கிட்டயும்தான் யாரும் சொல்லல."

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் கதவு வழியாகவே பேசிப் பேசிப் பழகியவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். நான் குடித்து முடிப்பதற்குள் தடகளச் சங்கத்தின் செயலாளரே வந்துவிட்டார். காலையிலேயே கோட்டு போட்டிருந்தார்.

"வாங்க, வாங்க! சர்ப்ரைஸ் எப்படி இருக்கு?"

"நான் நிறுத்தப்போறேன்னு யாரு சார் சொன்னா?"

"இதெல்லாம் சொல்லணுமாம்மா? முப்பத்தேழு வயசாச்சு. போன வருஷம் கால் எலும்பு வேற விரிஞ்சு போச்சு. நீங்களா ஒதுங்குறதுக்கு முன்னாடி நாங்க மரியாதையா அனுப்பி வெச்சா உங்களுக்குத்தானே கௌரவம்? போதும்மா, நிறைய ஓடிட்டீங்க. இன்னைக்குக் கடைசிச் சுத்து மணிய உங்களுக்காக நானே அடிக்கப்போறேன். போட்டோகிராபர்கிட்ட சொல்லி வெச்சாச்சு."

"இன்னைக்கு நான் ஜெயிச்சா டீம்ல போவேன்ல சார்?"

அவர் சிரித்தார். "ஜெயிச்சா போகலாம்மா" என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து இன்னொரு முறை "ஜெயிச்சா" என்றார்.

அன்று நடந்தது பத்தாயிரம் மீட்டர் தேர்வுப் போட்டி. முதலில் வரும் ஒருத்திக்கு மட்டும் வெளிநாட்டில் நடக்கும் பெரிய போட்டிக்கான அணியில் இடம். இரண்டாவது வருகிறவளுக்குக் கைதட்டல். எனக்கு அந்த இடம் வேண்டும், அவ்வளவுதான். இதற்கு முன் இரண்டு தடவை அந்த அணியில் போயிருக்கிறேன். ஒரு தடவை கடைசிக்கு முந்தினவளாக வந்தேன், ஒரு தடவை வயிற்றுப்போக்கோடு ஓடி நடுவில் விழுந்தேன். ஒரே ஒரு முறை ஒழுங்காக ஓடிவிட்டு வர வேண்டும் என்ற ஆசை என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இந்த முறை விட்டால் அடுத்த தேர்வுக்கு நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பேனர் சொல்வதை என் கால்களே சொல்லிவிடும்.

பத்தாயிரம் மீட்டர் என்றால் மைதானத்தை இருபத்தைந்து முறை சுற்ற வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும், ஓடுகிறவளுக்குக் கணக்குத் தப்பும். பாதிக்கு மேல் போனால் ரத்தம் முழுக்கக் காலுக்கு இறங்கிவிடும், மூளைக்கு மிச்சம் மீதிதான். அந்த நேரத்தில் என் வீட்டுக் கதவு எண்ணைக் கேட்டால்கூடத் திருதிருவென்று முழிப்பேன். அதனால்தான் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள். இன்னும் எத்தனை சுற்று என்று அவர் எண் அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி அடிப்பார். பெரிய இடங்களில் சுற்றைத் தானே எண்ணிக்கொள்ளும், காலில் கட்டுகிற சிப் எல்லாம் வந்துவிட்டது. எங்கள் சங்கத்தில் அது "அடுத்த வருஷம்" வரும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் அந்த அட்டையை நம்பித்தான் ஓடுகிறார்கள். நான் நம்புவதில்லை. என்னிடம் வேறு ஏற்பாடு இருக்கிறது.

என் தலைக்குள் ஒரு பஸ் ஓடுகிறது. இருபத்தைந்து சீட்டு. "நிறுத்து" என்று என்னிடம் சொன்னவர்கள் அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் சொன்னவர் முன்சீட்டில், கடைசியாகச் சொன்னவர் பின்சீட்டில். ஒரு சுற்றுக்கு ஒருவர். அந்தச் சுற்று முழுக்க அவரோடு எனக்குச் சண்டை. கோட்டைத் தாண்டியதும் அவரை இறக்கிவிட்டு அடுத்தவரைப் பிடித்துக்கொள்வேன். எண்ணை யாரும் மறக்கலாம். வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சை மறக்க முடியுமா?

முதல் சீட்டு பல வருடம் என் பெரியம்மாவுக்கு. "பொம்பளப் புள்ள இப்படிக் காலக் காட்டிக்கிட்டு ஓடினா எவன் கட்டிப்பான்?" என்றவள். அடுத்து, என் கை வீசும் அழகைப் பார்த்துவிட்டு நீ குண்டு எறியப் போ என்ற பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு "உங்க உடம்புல இரும்பே இல்லையே, எத நம்பி ஓடுறீங்க?" என்று கேட்ட டாக்டர். ஷூ கம்பெனிக்காரர் ஒருவர். நான் ஓடுவது நன்றாகத்தான் இருக்கிறதாம், ஓடும்போது என் முகம்தான் விளம்பரத்துக்கு ஒத்துவரவில்லையாம். நடு சீட்டில் என் மாமியார். "ஓடி ஓடித்தான் வயித்துல ஒண்ணும் தங்கல" என்று ஒரு கல்யாண வீட்டில், பத்துப் பேர் முன்னால், எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். அன்றைக்கு நான் அழவில்லை. மறுநாள் காலை பயிற்சியில் அழுதேன், ஓடிக்கொண்டே. மாமியார் சுற்று மட்டும் எப்போதும் கொஞ்சம் வேகமாக வந்துவிடும். என் பயிற்சியாளர் எவ்வளவோ மண்டையை உடைத்துக்கொண்டும் அவருக்குக் காரணம் புரியவே இல்லை. பின்னாளில் அந்தப் பயிற்சியாளரும் பஸ்ஸில் ஏறினார். "இனி சின்னப் பிள்ளைங்களுக்கு வழி விடு" என்று சொல்லிவிட்டு, என் கூடவே பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனார்.

சீட்டு இருபத்தைந்துதான். புதிதாக ஒருவர் ஏறினால் பழையவர் ஒருவர் இறங்கியாக வேண்டும். இறங்கினவரை மன்னித்துவிட்டதாகக் கணக்கு. நான் ஒன்றும் பெருந்தன்மைக்காரி இல்லை. என் வாழ்க்கையில் நான் மன்னித்ததெல்லாம் இடப் பற்றாக்குறையால்தான்.

இந்த பஸ் பற்றித் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அவருக்கும் அதில் சீட்டு உண்டு. போன வருஷம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் காலைத் தொடாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போதும், விட்டுடு. உன்ன இப்படிப் பாக்க முடியல" என்றார். மூன்று நாள் கழித்து, நீங்கள் ஏறிவிட்டீர்கள் என்று மட்டும் சொன்னேன். "ஜன்னல் சீட்டாவது குடு" என்றார். அவருடைய சுற்றில் நான் சண்டை போடுவதில்லை. சும்மா கூட வருவார்.

அன்று உடை மாற்றும் அறைக்குப் போகும்முன் அவரிடம் சொன்னேன்: "செயலாளர் ஏறிட்டார். கடைசி சீட்டு."

"அப்ப நானு?"

"அதுக்கு முந்தின சீட்டு. இருபத்திநாலு."

"யாரு எறங்குனா?"

"பெரியம்மா. போன வாரம் போன் பண்ணி டிவில எப்ப வருவேன்னு கேட்டாங்க. போகட்டும்னு விட்டுட்டேன்."

அறைக்குள் சிட்டு உட்கார்ந்து ஷூ முடிச்சைத் திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். என் பயிற்சியாளர் கூட்டிக்கொண்டு போனது இவளைத்தான். சிட்டு என்பது எல்லோரும் கூப்பிடுகிற பெயர், அவ்வளவு லேசாக ஓடுவாள். வயது இருபத்திரண்டு. என் நகவெட்டியை வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தரவில்லை. எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: டீசல். கிளம்ப நேரமாகும், கிளம்பினால் நிற்காது. சிட்டுவின் பலம் கடைசிச் சுற்று. மணி அடித்துவிட்டால் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. கடைசி வரை அவளை என் தோளோடு ஒட்டிக்கொண்டு வர விட்டேனானால் என் கதை முடிந்தது.

"அக்கா, பேனர் பாத்தேன்" என்றாள் தலையைக் குனிந்தபடி. "நெஜமாவே நிறுத்தப்போறீங்களா?"

"நகவெட்டி எங்க?"

"வீட்ல இருக்குக்கா."

"அத வாங்காம எங்கயும் போறதா இல்ல."

காலையில் தூறிய மழையில் ஓடுதளம் ஈரமாக இருந்தது. துப்பாக்கி வெடித்ததும் பதினான்கு பேரும் ஒரே கூட்டமாகக் கிளம்பினோம். முதல் பாதியில் சொல்ல ஒன்றும் இல்லை. முன்னால் போகிறவளின் குதிகாலிலிருந்து தண்ணீர் தெறித்து என் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. டிரில் மாஸ்டர் இறங்கினார், டாக்டர் இறங்கினார். மாமியார் சுற்றில் நான் என்னையறியாமல் முன்னால் வந்துவிட்டேன். வந்தது வந்தாயிற்று என்று அங்கேயே இருந்தேன்.

பயிற்சியாளர் இறங்கியபோது என் வேலையை ஆரம்பித்தேன். சிட்டுவின் காலில் இருக்கிற கடைசிச் சுற்றை முன்கூட்டியே பிடுங்கிவிடுவதுதான் திட்டம். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், வேகத்தைக் கூட்டினேன். ஒருத்தி கழன்றாள், இன்னொருத்தி கழன்றாள். சிட்டுவின் மூச்சு மட்டும் என் பிடரியில் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் கொஞ்சம் தள்ளிப் போனது. பத்தடி இருக்கும். எனக்கு விலா எரிந்தது, தொண்டையில் ரத்த வாடை அடித்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் விளக்க என்னால் முடிந்ததில்லை.

இதற்கிடையே கோட்டுக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுற்று எண்ணுவதற்கு உட்கார்ந்திருந்தவர் ஒரு கணக்கு வாத்தியார், கையில் சொந்தமாக ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர். எட்டுச் சுற்று மிச்சம் இருந்தபோது செயலாளர் வந்து, "நீங்க எந்திரிங்க, வாசல் பேனர் காத்துல சுருட்டிக்குது, ஒரு முனைய போய்ப் பிடிங்க. இனி நான் பாத்துக்கறேன்" என்று அவரை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மணியோடு படம் எடுக்க வேண்டுமே! அடுத்த சுற்றுக்கு அட்டையைத் திருப்பினார். அட்டைகள் ஈரம். எட்டோடு ஏழும் ஒட்டிக்கொண்டு திரும்பி, ஆறு வந்து நின்றது. அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அட்டையைப் பார்ப்பவள் இல்லை. பஸ்ஸில் இரண்டு பேர்தான் மிச்சம்: வீட்டுக்காரர், செயலாளர். கோட்டை நெருங்கும்போது மணி அடித்தது.

செயலாளர் எழுந்து நின்று, என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக, கையை ஓங்கி ஓங்கி அடித்தார்.

மணிச் சத்தம் கேட்டதும் என் காலும் துள்ளியது. இருபது வருடப் பழக்கம், சும்மா விடுமா? பின்னால் சிட்டுவின் காலடிச் சத்தம் மாறியது. அடுத்த வளைவில் என்னைத் தாண்டிச் சிட்டாகப் பறந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி போனாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர்.

என் மனதில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். யாரையாவது இரண்டு சுற்று ஓட்டிவிட்டேனா? யாரையாவது இறக்காமல் விட்டேனா? மாமியாரை? வாய்ப்பே இல்லை. ஷூ கம்பெனிக்காரரை? அவர் இறங்கியபோது அவர் கழுத்துப் பட்டையின் நிறம் வரை ஞாபகம் இருந்தது. இது என் வீட்டுக்காரரின் சுற்று. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதோ பக்கத்தில் வருகிறார். பின்சீட்டில் செயலாளர் கோட்டோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அப்படியென்றால் மணிதான் தப்பு.

நான் தப்பாக இருந்தால் இரண்டாவது இடமும் போகும், மானமும் போகும். இத்தனை வருடம் ஓடி, கடைசியில் மணி அடித்தது தெரியாமல் ஓடிய கிழவி என்று ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். நான் பயந்தேன். பயந்துகொண்டே என் வேகத்திலேயே ஓடினேன். ஒரு துளி கூட்டவில்லை.

சிட்டு கோட்டைத் தாண்டிக் கையை உயர்த்தி, நாலடி போய்க் குப்புற விழுந்தாள். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்தினார்: "புதிய தேசிய சாதனை! பழைய சாதனையைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் குறைவு!" அப்போது எனக்குப் பயம் போய்விட்டது. ஒரு நிமிடமா? அந்தச் சாதனையை ஒரு வினாடி குறைக்க நான் என் முப்பதுகளில் பாதியைக் கொடுத்திருக்கிறேன். முடியவில்லை. ஒரே நாளில் ஒரு நிமிடம் கொட்டுவதற்கு அது என்ன மழையா?

ஐந்தாவதாகக் கோட்டைத் தாண்டினேன். நிற்கவில்லை.

பேனரை விட்டுவிட்டு ஓடி வந்த கணக்கு வாத்தியார் ஓரத்தில் நின்றிருந்தார். "வாத்தியாரே, உங்க கடிகாரத்த நிறுத்தாதீங்க!" என்று கத்தினேன். அவர் தன் கையிலிருந்ததைப் பார்த்தார், நிறுத்தவில்லை.

ஒரு அதிகாரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். "மேடம், முடிஞ்சிருச்சு! நில்லுங்க!" அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். "அந்தம்மாவுக்கு மணி கேக்கல போல" என்று ஒருவர் சிரித்தார். என் பழைய பயிற்சியாளர் வேலி மேல் ஏறி நின்று, "டீசல்! நிறுத்து! அசிங்கமா இருக்கு!" என்று கத்தினார். எதிர்ப்புற வளைவில் அடுத்த போட்டிக்காகத் தடைக்கட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றை நடுவழியில் வைத்துவிட்டு ஒருவன் என்னைப் பார்த்து விழித்தான். "தூக்குடா அத!" என்றேன். நான் வந்து சேர்வதற்குள் தூக்கிவிட்டான். அறிவிப்பாளர் மரியாதைக் குரலுக்கு மாறி, "வீராங்கனை அவர்கள் தயவுசெய்து ஓடுதளத்தை விட்டு வெளியேறவும்" என்றார். கூட்டம் சிரித்தது. மைதானம் முழுக்கச் சிரித்தது என்றுகூடச் சொல்லலாம்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில், மேல் வரிசையிலிருந்து லிஃப்ட் குழிக்குள் பேசுகிற குரல் ஒன்று வந்தது.

"நான் எறங்கியாச்சு! செயலாளர் பாக்கி! ஓடு!"

அவரும் என் கூடவே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்த ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தோன்றியிருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதுகொண்டே ஓடுவது எனக்குப் புதிதும் இல்லை.

அதற்கப்புறம்தான் வேகம் எடுத்தேன். என்னிடம் கடைசிச் சுற்று வேகம் கிடையாது என்று எழுதாத பத்திரிகை இல்லை. அன்று எங்கிருந்தோ வந்தது. செயலாளரை இழுத்துக்கொண்டு ஓடினேன். கோட்டு, பேனர், "மரியாதையா அனுப்பி வெச்சா", எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். முடிவுக் கோட்டில் அவர் பூங்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார். அதைத் தாண்டி ஓடிப் போய்த்தான் நின்றேன்.

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். தலைமை நடுவர் வந்தார். சிரித்தே பார்த்திராத அம்மா. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "என்னம்மா இது?" என்றார்.

"மேடம், இவங்க எல்லாரும் இருபத்திநாலு சுத்துதான் ஓடியிருக்காங்க. மணிய ஒரு சுத்து முன்னாடியே அடிச்சிட்டாங்க."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"ஒரு சுத்துக்கு ஒரு ஆள நெனச்சு ஓடுவேன் மேடம். என்ன நிறுத்தச் சொன்னவங்கள. இந்தச் சார்தான் இருபத்தஞ்சாவது ஆள். மணி அடிச்சப்ப இவருக்கு முன்னாடி இன்னொருத்தர் இருந்தார்."

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சுதாரித்துக்கொண்டு சிரித்தார். "மனசுல நெனக்கிறதெல்லாம் ஆதாரமாகுமா? பாவம், கடைசிப் போட்டி, உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. சரி, சந்தேகம்னா அடுத்த வாரம் இன்னொரு தடவ ஓட விட்டுடலாம்."

"அடுத்த வாரம் எதுக்கு சார்?" என்றேன். "இப்பவே ஓடலாம். ஒடம்பு சூடாத்தான் இருக்கு. கூப்பிடுங்க எல்லாரையும். இருபத்தஞ்சு சுத்து, மொதல்லேர்ந்து. ஆனா மணிய வாத்தியார் அடிக்கட்டும்."

சொல்லும்போதே எனக்கு வலது கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் மற்றவர்கள் எல்லோரும் புல்லில் படுத்திருந்தார்கள். நின்றுகொண்டு பேசியவள் நான் ஒருத்திதான்.

கணக்கு வாத்தியார் அட்டைக் கட்டை எடுத்துப் புரட்டினார். எட்டுக்கு அடுத்து ஆறு. எட்டின் விளிம்பில் நகத்தை விட்டுப் பிரித்தார். ஈரத்தோடு ஏழு உரிந்து வந்தது. நடுவர் அதைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார்.

"அது இப்ப ஒட்டினதா இருக்கலாம்" என்று செயலாளர் மென்று விழுங்கினார்.

அப்போதுதான் சிட்டு எழுந்து வந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, மூக்கு நுனியில் மண். யாரோ அவள் தோளில் கொடி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். அதைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா சொல்றது சரி மேடம். எட்டுக்கப்புறம் ஆறு வந்த மாதிரி எனக்கும் இருந்துச்சு. கண்ணு மங்குதுன்னு நெனச்சேன். அப்புறம் மணி அடிச்சாங்க, ஓடிட்டேன்."

"வாய மூடு" என்றார் பயிற்சியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு. "சாதனைடி அது!"

"எந்தச் சாதனை சார்? ஒரே நாள்ல ஒரு நிமிஷம் எங்கேர்ந்து வரும்? நாளைக்கு வெளிநாட்டுல போய் நிப்பேன். இதே நேரத்துல ஓடுன்னு எல்லாரும் எம்மூஞ்சியப் பாப்பாங்க. அப்ப நீங்களா வந்து ஓடுவீங்க?"

நடுவர் விசிலைத் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "நாங்க அறிவிச்சது பத்தாயிரம் மீட்டர். அத ஓடி முடிச்சது ஒருத்தர்தான்" என்றார். "வாத்தியாரே, உங்க கடிகாரத்துல என்ன இருக்கோ அத எழுதுங்க."

அது சாதனை இல்லை. என்னுடைய சிறந்த ஓட்டம்கூட இல்லை. ஆனால் இடம் எனக்கு.

பாராட்டு விழா நடக்கவில்லை. செயலாளர் பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுமந்துகொண்டு திரிந்தார். உடை மாற்றும் அறையில் சிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அழுது முடித்திருந்தாள்.

"மணிய ஒழுங்கா அடிச்சிருந்தா நான்தான்கா ஜெயிச்சிருப்பேன்" என்றாள்.

"இருக்கலாம்" என்றேன். உண்மையிலேயே இருக்கலாம். பத்தடி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. இல்லை, நான் அவள் காலை ஏற்கெனவே தீர்த்திருந்தேன் என்றும் சொல்லலாம். அது இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. "ஆனா உனக்கே ஒரு சுத்து பாக்கின்னு தோணிச்சே, ஏன் ஓடல?"

"மணி அடிச்சிட்டாங்களேக்கா."

"அடுத்த தடவ யாரு அடிச்சாலும் நீ எண்ணிக்கோ."

"உங்கள மாதிரி என்ன நிறுத்தச் சொன்னவங்க எனக்கு அத்தன பேர் இல்லையேக்கா."

"கவலப்படாத, வருவாங்க. மொதல் ஆளு இன்னைக்கே கெடச்சாச்சு, 'வாய மூடு'ன்னார்ல. எழுந்திரு. நகவெட்டிய நாளைக்குக் கொண்டு வா."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கால் இரண்டையும் பக்கெட் தண்ணீரில் விட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். பெருவிரல் நகம் ஒன்று கறுத்துக் கழலக் காத்திருந்தது. என் வீட்டுக்காரர் அந்தப் பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேட்டதற்கு, "நல்ல கெட்டித் துணி, விட மனசு வரல" என்றார். இப்போது அதை வாஷிங் மெஷின் மேல் மழை படாமல் போர்த்திக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என் முகம் உள்பக்கம் போய்விட்டது. வெளியே "சென்று வா" மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அதையும் மடித்து உள்ளே தள்ளினார்.

"ஒரு விஷயம்" என்றேன். "உங்க சீட்ட எடுத்துட்டேன். நீங்க எறங்கியாச்சு."

கயிற்றை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே, எலும்பு விரிந்த இடத்தில், தண்ணீருக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் தொடப் பயந்த இடம். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி தெருவைப் பார்த்தேன்.

"ஆனா இப்ப வேற பிரச்சன" என்றேன். "இன்னைக்கு அந்த ஒரு சுத்துல மட்டும் எத்தன பேர் நிறுத்தச் சொன்னாங்க தெரியுமா? கையை விரிச்ச அதிகாரி, அறிவிப்பாளர், சிரிச்ச கூட்டம். பஸ் நெறஞ்சு வழியுது. இருபத்தஞ்சுல அடங்காது."

"அப்ப என்ன பண்றதா உத்தேசம்?"

"இந்த வெளிநாட்டுப் போட்டி முடியட்டும். அப்புறம் மாரத்தான். நாப்பத்திரண்டு கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஒரு ஆள். எல்லாருக்கும் தாராளமா இடம் இருக்கும்."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கை இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது.

"மாரத்தானா? இந்தக் கால வெச்சுக்கிட்டா? இந்த வயசுல அதெல்லாம் வேணாம்மா…"

சொல்லி முடிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ஏறுங்க" என்றேன்.